கையை விட்டால் நிற்க வேண்டிய மிஷின்

பிப்ரவரி 11

என் அக்கா பெற்ற ஒரே செல்வமும், மூன்று வார்டுகளை ஒற்றைப் புருவத்தால் ஆள்பவளும், ஊசி போட்டால் ஊசிக்கே வலிக்கும் என்று பேரெடுத்த தலைமை நர்ஸுமான சிட்டுவுக்கு,

புளுகு மாமா எழுதுவது.

நான் உனக்குச் செய்த போன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவில் ஏறி ஒரு டீ குடித்துவிட்டு இறங்கலாம். ஒன்றையும் நீ எடுக்கவில்லை. சரி. போனின் வாயை மூடிவிடலாம், தபால்காரரின் வாயை மூட முடியாது. அதனால் பேனாவை எடுத்தேன். இந்தப் பேனா கடைசியாக எழுதியது எந்த அரசர் காலத்தில் என்று அதற்கே நினைவில்லை. வெந்நீரில் ஊறவைத்து, உதறி, கெஞ்சி, மிரட்டி எழுத வைத்திருக்கிறேன். செத்ததைப் பிழைக்க வைப்பதுதானே நமக்குத் தெரிந்த ஒரே வேலை.

நலமா என்று கேட்க மாட்டேன். மாப்பிள்ளை நம்மை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகவில்லை. இந்த நேரத்தில் உன்னை நலமா என்று கேட்பவனின் வாயில் கிரீஸ் டப்பாவைக் கவிழ்க்க வேண்டும்.

சேனாதிபதியை நான் சொல்லிக்கொள்ளாமல் எடுத்து வந்ததுதான் உன் கோபம் என்று உன் நாத்தனார் சொன்னார். நியாயமான கோபம். எல்லாம் முடிந்த மறுநாள் காலையில், வந்தவர்கள் வாசலில் தங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் பின்பக்கக் கொட்டகையிலிருந்து ஒரு புல்வெட்டும் மிஷினைத் தள்ளிக்கொண்டு போய் வாடகை வேனில் ஏற்றினேன். "இந்த நேரத்துல இது எதுக்கு மாமா?" என்றார் உன் நாத்தனார். "ரிப்பேர்மா," என்றேன். அவர் பார்த்த பார்வையில் என் மீசையில் பாதி நரைத்தது. மீதிப் பாதி முன்பே நரைத்திருந்ததால் தப்பித்தது.

சேனாதிபதி உங்கள் வீட்டுக்கு வந்த விதத்தை நினைத்துப்பார். எவனோ ஒரு புண்ணியவான் அதைக் குப்பைமேட்டில் தலைகீழாகப் போட்டுவிட்டுப் போயிருந்தான். எஞ்சின் மூடியைக் கழற்றினால் உள்ளே எலிக் குடும்பம் ஒன்று மாடி வீடு கட்டி, வாடகைக்கும் விட்டிருந்தது. பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் ஊசித் துளையை அடைத்திருந்தது. அதை ஒரு கிடார் கம்பியால் குத்திக் குத்தி எடுத்தேன். எடுத்து முடிப்பதற்குள் எனக்குப் பாட்டே வந்துவிட்டது. நீங்கள் தோட்டத்தோடு வீடு வாங்கியபோது அதைத்தான் தாய்மாமன் சீராகக் கொண்டுவந்து நிறுத்தினேன். மாப்பிள்ளை அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுக்குப் பேர் என்ன மாமா?" என்று கேட்டார். கணக்கு வாத்தியார் ஒருவர் மிஷினுக்குப் பேர் கேட்டது அன்றுதான் உலகத்தில் முதல் தடவை.

பட்டறையில் இப்போது ஏழெட்டுப் பேர் படுக்கையில் இருக்கிறார்கள். மௌனசாமிக்குத் தீப்பொறி வரவில்லை. பெருமூச்சுக்கு இழுகயிறு அறுந்துவிட்டது. குறட்டை என்று ஒன்று இருக்கிறது, அதைக் கிளப்பினால் பக்கத்துத் தெருவில் சுவர் உதிர்கிறது. சேனாதிபதியை ஓர் ஓரமாகத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

சாப்பிடு. ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

உன் புளுகு மாமா,
கைவிடப்பட்ட புல்வெட்டிகளின் தலைமை வைத்தியர்


பிப்ரவரி 19

மாமா,

போனில் பேசினால் நீங்கள் ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். எனக்கு இப்போது சிரிக்க வேண்டாம். அதனால்தான் எடுக்கவில்லை.

வந்த அத்தனை பேரும் அன்று என்ன நடந்தது என்று கேட்டார்கள். பல் துலக்கினாரா என்பது வரைக்கும் கேட்டார்கள். நீங்கள் மட்டும் கேட்கவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போனீர்கள். மிஷினைத்தான் பார்த்தீர்கள். அதனால் இப்போது நானே சொல்கிறேன்.

ராத்திரி ட்யூட்டி முடிந்து காலையில் வந்து படுத்தேன். சனிக்கிழமை, அவருக்குப் பள்ளிக்கூடம் இல்லை. "நீ தூங்கு, நான் புல்லை வெட்டிடறேன்," என்றார். அந்தச் சத்தம் இருந்தால்தான் எனக்குப் பகலில் தூக்கம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருந்தால் தூங்குவேன். நின்றால் விழித்துக்கொள்வேன். அதற்காகவே அவர் என் ட்யூட்டி பார்த்துத்தான் புல் வெட்டுவார்.

அன்று நன்றாகத் தூங்கினேன் மாமா. எத்தனையோ மாதமாக அப்படித் தூங்கியதில்லை. சத்தம் நின்றதும் விழிப்பு வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். புல் பாதி வெட்டியிருந்தது. மிஷின் நடுவில் நின்றது. அதன் பின்னால் அவர் குப்புறக் கிடந்தார்.

ஓடிப்போய்த் திருப்பிப் போட்டு நெஞ்சை அழுத்தினேன். ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு அழுத்தியிருக்கிறேன், எத்தனை பேர் எழுந்து உட்கார்ந்து என்னிடமே காபி கேட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தும்வரை அழுத்தினேன்.

அந்த டாக்ஸிக்காரர்தான் பிறகு சொன்னார்: "மிஷின் கைப்பிடியோட ஒரு கம்பி இருக்கும் சிஸ்டர். சேத்துப் புடிச்சாத்தான் ஓடும். கையை விட்டா உடனே நின்னுடும். உங்க மிஷின்ல அதைக் கட்டி வச்சிருந்தாங்க. பெட்ரோல் தீர்ந்துதான் நின்னிருக்கு." நான் போய்ப் பார்ப்பதற்குள் நீங்கள் மிஷினை எடுத்துப் போய்விட்டீர்கள்.

உங்கள் பட்டறையில் எல்லா மிஷினிலும் அந்தக் கம்பியைக் கட்டிவைத்து ஓடவிடுவீர்கள். நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இதையும் நீங்கள்தானே கட்டினீர்கள்?

கட்டாமல் இருந்திருந்தால் அவர் கை விட்ட அந்த நொடியில் அது நின்றிருக்கும். நான் விழித்திருப்பேன். நான் ஒரு நர்ஸ், மாமா. இருபது அடி தூரத்தில் படுத்திருந்தேன்.

அந்த மிஷினை உடைத்துப் பழைய இரும்புக்குப் போடுங்கள். போட்டுவிட்டு எழுதுங்கள்.

சிட்டு


பிப்ரவரி 26

சிட்டு,

கடிதம் வந்தது. நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். நடுவில் ஒருவர் மிஷின் கொண்டுவந்தார், "டாக்டர் இன்று பார்க்க மாட்டார்," என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆமாம். நான்தான் கட்டினேன்.

மகாகனம் பொருந்திய நீதிபதி அவர்களே, குற்றவாளிக்கு வக்கீல் வேண்டாம், சாட்சி வேண்டாம், வாய்தா வேண்டாம். பட்டறையில் மிஷினைக் கிளப்பிவிட்டுக் காதை வைத்துக் கேட்கிறபோது ஒரு கை போதாது, அதனால் கட்டுவேன். கட்டி அவிழ்ப்பேன். இதில் மட்டும் அவிழ்க்க மறந்திருக்கிறேன். இந்தப் பூமி உருண்டையின்மேல் இதுவரை மறந்தவர்களையெல்லாம் ஒரு வரிசையில் நிறுத்தினால் நான் முதலில் நிற்பேன், எனக்குப் பின்னால் நிற்பவன் கண்ணுக்கே தெரிய மாட்டான்.

ஆகவே என்னைத் திட்டு. தவணை முறையில் வேண்டாம், மொத்தமாகத் திட்டு. உன் அம்மா இருந்தால் அவளும் திட்டியிருப்பாள். அவள் திட்டினால் எதிர் மாடியில் காயும் துணி தானாக மடியும்.

நான் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கேட்கத் தோன்றவில்லை என்று நினைக்காதே. மாப்பிள்ளையின் கண்ணாடி ஜன்னல் விளிம்பில் மடக்காமல் இருந்தது. அதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு எதையும் கேட்க வாய் வரவில்லை. ஊரிலேயே பெரிய வாய்க்காரனுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் நீ சொல்கிறபடி செய்ய முடியாது. சேனாதிபதியை உடைக்க மாட்டேன். இந்தப் பட்டறைக்குள் வந்த எதையும் நான் பிணமாக வெளியே அனுப்பியதில்லை. துருப்பிடித்துத் தூளாகி, முறத்தில் அள்ளிக்கொண்டு வந்த மிஷினைக்கூட நான் ஓட வைத்து அனுப்பியிருக்கிறேன், அதை வாங்கிப் போனவர் தன் புல்லை வெட்டி, தெருப் புல்லை வெட்டி, நிறுத்தத் தெரியாமல் அடுத்த மாநிலம் வரை போய்விட்டார். அப்படிப்பட்ட கை இது. சுத்தியலை எடுத்தால் மறுத்துவிடும்.

இங்கே இருக்கட்டும். தார்ப்பாய் மூடியிருக்கிறது. யாரும் பார்க்க மாட்டார்கள்.

புளுகு மாமா


மார்ச் 5

மாமா,

கட்டியதை ஒப்புக்கொள்ள உங்களுக்கு இரண்டு வரி. மீதி முழுவதும் வேடிக்கை. அவர் செத்த விஷயத்திலும் உங்களுக்கு அடுத்த மாநிலம், தூள், முறம் எல்லாம் வருகிறது.

நீங்கள் கட்டிவைத்தது என் வீட்டில் ஒரு மனிதரை எடுத்துக்கொண்டு போனது. அதைப் பத்திரமாக மூடி வைத்திருக்கிறேன் என்று எனக்கே எழுதுகிறீர்கள். உங்களுக்கு மிஷின் போதும். மிஷின்களோடேயே இருங்கள்.

உங்கள் ஊர்ப் பழைய இரும்புக்காரரிடம் போனில் பேசிவிட்டேன். வந்து எடுத்துக்கொள்வார். கொடுத்துவிடுங்கள்.

இனி எழுத வேண்டாம்.


மார்ச் 17

சிட்டு,

எழுத வேண்டாம் என்றாய். ஆனால் இன்று இரும்புக்காரர் உனக்குப் போன் செய்து, "வேலை முடிஞ்சுதும்மா," என்று சொல்வார். அதை நம்பாதே என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

தள்ளுவண்டியோடு வந்தார். ஆள் என்னைவிட ஒல்லி. அவரையே எடைக்குப் போட்டால் ஒரு டம்ளர் தேறாது.

"நர்ஸம்மா போன் பண்ணாங்க. செகப்பு மிஷின் ஒண்ணு இருக்காமே."

"இங்க எல்லாமே ஒரு காலத்துல செகப்புதான்யா."

"சும்மா வெளையாடாதீங்க. உடைக்கறப்போ கூடவே நின்னு பாக்கச் சொன்னாங்க."

தார்ப்பாய்க்குக் கீழே கை வைக்கப் போனார். நான் குறுக்கே நின்றேன். உனக்குத் தெரியும், எனக்குக் கோபம் வந்தால் ஊர் சிரிக்கும். இவர் சிரிக்கவில்லை. ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "உங்க சொந்தத்துலயா போனது?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "அதான் பாத்தேன். எங்கிட்ட வர்றவங்க பாதிப்பேர் இப்படித்தான். குடுக்கவும் முடியாது, வச்சுக்கவும் முடியாது," என்றார்.

வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. மகாராணியைக் கொடுத்துவிட்டேன். உனக்கு அவளைத் தெரியும், போன தடவை வந்தபோது நீ கைப்பிடியைத் தடவிக்கொண்டே நின்றாய். மூன்று ஊர் மெக்கானிக்குகள் கைவிட்டவள். அவளுக்கு வேண்டிய பிளேடு எங்கும் கிடைக்காமல் நானே அடித்து, தேய்த்து, ஆணியில் மாட்டி இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும்வரை ராவி எடுத்தேன். ஒரே இழுப்பில் கிளம்புவாள். இரும்புக்காரரும் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"இது ஓடுதே சார்."

"ஓடும்."

"ஓடறதை எதுக்கு உடைக்கச் சொல்றீங்க?"

"சுத்தியலைக் குடுத்துட்டேன்ல? கேள்வி கேக்காத."

உடைத்தார். நான் வெளியே போய்ச் சாக்கடை ஓரமாக நின்றுகொண்டேன். சத்தம் கேட்கக்கூடாது என்றுதான் போனேன். கேட்டது.

ஆக, அவர் உடைத்ததாகச் சொல்லும் சிவப்பு மிஷின் சேனாதிபதி இல்லை. இதை மறைத்திருக்கலாம். ஆனால் நம் குடும்பத்தில் புளுகுவது என் வேலை, அதை வெளியாளுக்குக் குத்தகை விட மாட்டேன்.

சேனாதிபதியை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்காதே. கேட்டாலும் ஏதாவது அளப்பேன்.

புளுகு மாமா


ஏப்ரல் 2

மாமா,

அவர் வைத்த தக்காளிச் செடிகள் காய் தாங்காமல் சாய்ந்துவிட்டன. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, அவை பாட்டுக்குக் காய்த்திருக்கின்றன. குச்சி நட்டுக் கட்டலாம் என்று துணி தேடினேன். துணிப்பையில் ஒரு பழைய தலையணை உறை இருந்தது, நீலக் கோடு போட்டது. ஓரத்தில் ஏற்கெனவே ஒரு பட்டை கிழித்திருந்தது. நானும் ஒன்று கிழித்தேன்.

செடியைக் குச்சியோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை அடியில் கொடுத்து, அழுத்தாமல் பக்கவாட்டில் முடிச்சுப் போட்டேன். ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுகிற கட்டு. எனக்கு வேறு கட்டுப் போடத் தெரியாது. போட்டு முடித்துக் கையை எடுத்தேன். அந்த முடிச்சைப் பார்த்தேன்.

மாமா, கட்டியது நான்.

போன வருஷம் ஒரு நாள் அவருக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. கம்பியை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. பிடி நழுவ நழுவ மிஷின் நின்றது. நிற்க நிற்க நான் விழித்துக்கொண்டேன். கடைசியில் எரிச்சலோடு எழுந்து, கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல், பையில் கைவிட்டு அகப்பட்டதைக் கிழித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அவர் கையைத் தள்ளிவிட்டுக் கம்பியைக் கட்டினேன். "இப்ப நிக்காம ஓடும். என்னைக் கொஞ்சம் தூங்க விடுங்க," என்றேன். அவர் "சரிங்க சிஸ்டர்," என்றார். வந்து படுத்துவிட்டேன். எழுந்தபோது அது கனவா நடந்ததா என்றுகூட நினைக்கவில்லை. ராத்திரி ட்யூட்டிக்காரர்களுக்கு இப்படி எத்தனையோ காலைகள் போகும்.

அவர் விரலுக்காகக் கட்டினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இல்லை. என் தூக்கத்துக்காகக் கட்டினேன்.

நீங்கள் வீட்டுக்குள் வந்ததும் நேராகக் கொட்டகைக்குப் போனதும், மறுநாளே எடுத்துக்கொண்டு ஓடியதும், மகாராணியை உடைக்கக் கொடுத்ததும் எதற்கென்று இப்போது தெரிகிறது. உங்களிடம் அவர் சொல்லியிருக்கிறார். இல்லையா?

நான் எழுதியதையெல்லாம் வாங்கிக்கொண்டீர்கள். நீங்கள் கட்டியது ஒரு மனிதரை எடுத்துக்கொண்டு போனது என்றுகூட எழுதினேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு விஷயம் கேட்கிறேன். அந்தக் கட்டை அவிழ்த்துவிடுங்கள். இன்னொன்று, அவர் விழுந்த பிறகு மிஷின் எவ்வளவு நேரம் ஓடியிருக்கும்? டேங்க் எவ்வளவு கொள்ளும், எவ்வளவு புல்லுக்கு எவ்வளவு எரியும் என்று உங்களுக்குத் தெரியும். உங்களால் கண்டுபிடிக்க முடியும். தயவுசெய்து அளக்காமல் எழுதுங்கள். எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும். அது தெரியாமல் படுக்க முடியவில்லை.

சிட்டு


ஏப்ரல் 10

சிட்டு,

ஆமாம். சொன்னார். கட்டிய அன்று சாயங்காலமே போன் செய்தார். "மாமா, உங்க மிஷினுக்கு நர்ஸ் கட்டுப் போட்டுட்டா. நோயாளி நல்லா இருக்கார்," என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். நான் அப்போது, "அவிழ்த்துடுங்க மாப்பிள்ளை," என்று சொல்லவில்லை. எனக்குத் தோன்றவேயில்லை. மிஷினையே தொழிலாக வைத்திருக்கிறவனுக்குத் தோன்றவில்லை. உனக்கு எப்படித் தோன்றும்?

செய்தி வந்ததும் பஸ்ஸில் வரும்போதே அந்தக் கட்டுத்தான் கண்முன் நின்றது. நீ அதைப் பார்ப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று வந்தேன். கொட்டகையிலேயே அறுத்து எறிந்திருக்கலாம். கத்தியை எடுத்தேன். கடைசியாக அவர் கை பிடித்திருந்தது அந்தத் துணியைத்தான். வியர்வை காய்ந்து விறைப்பாக இருந்தது. கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு மிஷினோடு வந்துவிட்டேன்.

நேற்று அவிழ்த்தேன். நன்றாகக் கட்டியிருந்தாய், நகத்தால்தான் எடுக்க வேண்டியிருந்தது. துணியை மடித்து வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் அனுப்புகிறேன். வேண்டாமென்றால் வேண்டாம்.

மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. எதையும் கழற்றவில்லை. பெட்ரோல் ஊற்றி ஒரு தடவை இழுத்தேன், ஓடியது. கம்பியை விட்டேன், உடனே நின்றது.

நீ கேட்ட இன்னொன்று. ரயில் பாதைக்குப் பக்கத்திலுள்ள காலி மனைக்கு அதைக் கொண்டுபோனேன். உன் தோட்டத்தில் வெட்டியிருந்த அளவுக்கு அங்கே வெட்டினேன். அவர் நடக்கிற மாதிரி மெதுவாகவே நடந்தேன். பிறகு ஒரே இடத்தில் நின்று, பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டுப் பார்த்தேன். அன்று டேங்கை அவர் முழுதாக நிரப்பவில்லை என்று தெரிகிறது. அடியில் கொஞ்சம்தான் இருந்திருக்கிறது.

அவர் விழுந்த பிறகு இரண்டு நிமிஷம் ஓடியிருக்கும். அதற்கு மேல் இருக்காது.

இரண்டு நிமிஷத்தில் நீ அவரிடம் போய்விட்டாய். போய்ச் செய்ய வேண்டியதைச் செய்தாய். அதற்கும் எழவில்லை என்றால், விழும்போதே முடிந்திருக்கிறது. கட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதுதான். இது உனக்கே தெரியும், நீ நர்ஸ்.

சாப்பிடு.

மாமா


ஏப்ரல் 21

மாமா,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. தினமும் எடுத்துப் படித்தேன். அதில் நிலா இல்லை, அடுத்த மாநிலம் இல்லை, சுவர் உதிரவில்லை. கீழே புளுகு மாமா என்றுகூட எழுதவில்லை, வெறும் மாமா. பிறந்ததிலிருந்து உங்களைப் பார்க்கிறேன். எதையும் பெரிதாக்கித்தான் சொல்வீர்கள். முதல் தடவையாக ஒன்றைச் சிறிதாக்கிச் சொல்லியிருக்கிறீர்கள்.

மிஷின் நின்ற இடத்தில், புகைக்குழாய் இருந்த பக்கம், புல் வேர்வரைக்கும் கருகியிருக்கிறது. சுற்றிலும் முட்டி உயரம் வளர்ந்துவிட்டது, அந்த இடத்தில் மட்டும் இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் அப்படிக் கருகாது. அன்று அவரைத் திருப்பிப் போட்டபோது கையைப் பிடித்தேன், சில்லிட்டிருந்தது. எத்தனையோ பேருடைய கையைப் பிடித்திருக்கிறேன் மாமா, கை சொல்லிவிடும். தெரிந்துதான் அழுத்தினேன்.

இதை உங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. காலி மனைக்குப் போய், அவர் நடையை நடந்து, அந்தச் சத்தம் நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றிருக்கிறீர்கள். எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

நேற்று நாத்தனார் வந்திருந்தார். "மிஷின் ரொம்ப நேரம் ஓடுச்சாமே, டாக்ஸிக்காரர் சொல்றாரே," என்று இழுத்தார். "இல்லண்ணி, ரெண்டு நிமிஷம்தான். மாமா சோதிச்சுப் பாத்துட்டு எழுதியிருக்கார்," என்றேன். கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. தம்பி கஷ்டப்படவில்லை என்று அழுதார். இனி யார் கேட்டாலும் இரண்டு நிமிஷம்தான். சொல்லச் சொல்ல எனக்கும் ஒருநாள் அதுவாகிவிடலாம். ஆகாமலும் போகலாம்.

துணியை அனுப்ப வேண்டாம். உங்களிடமே இருக்கட்டும். சேனாதிபதியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், விரல் நன்றாக இருக்கிறவருக்கு. மகாராணிக்காக வருத்தப்படுகிறேன். அதை நீங்கள் எனக்காகப் போட்டு உடைத்தீர்கள். எனக்கு ஈடு செய்யத் தெரியவில்லை.

மறுபடி ராத்திரி ட்யூட்டி போட்டுவிட்டார்கள். நானேதான் கேட்டு வாங்கினேன். பகலில் தூக்கம் வருவதில்லை, வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது. போன சனிக்கிழமை டாக்ஸிக்காரர் தன் வீட்டில் புல் வெட்டினார். எனக்குத் தெரியாமலேயே தூங்கிவிட்டேன். நடுவில் சத்தம் நின்றது. எப்படி எழுந்தேன், கதவை எப்படித் திறந்தேன் என்று தெரியாது, வெறுங்காலோடு தெருவைத் தாண்டி அவர் கேட்டில் நின்றேன். அவர் குனிந்து பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன சிஸ்டர்?" என்றார்.

"ஒண்ணுமில்ல, நீங்க ஊத்துங்க," என்றேன்.

ஊற்றி முடித்துவிட்டுக் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பில் கிளம்பவில்லை. இரண்டாவதிலும் கிளம்பவில்லை. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன். கிளம்பியதும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து படுத்தேன். தூங்கவில்லை. அவர் முழுவதும் வெட்டி முடித்து, மிஷினை நிறுத்தி, உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

சிட்டு